தோர்கில் கொண்டுவராத கேக்

கதவு ஜன்னல் செய்யும் எங்கள் பட்டறையில் சொதப்பினவர் கேக் கொண்டுவர வேண்டும். யார் வைத்த சட்டம் என்று யாருக்கும் தெரியாது. ஜன்னலைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு வந்தவன் கொண்டுவந்திருக்கிறான். வண்டியின் பின்கதவைப் பூட்டாமல் ஓட்டி, புத்தம்புதுக் கதவுகளை நெடுஞ்சாலையில் விதைத்துக்கொண்டே போனவன் கொண்டுவந்திருக்கிறான். முதலாளி மாரென்கூடப் போன வருஷம் ஒரு முழு வீட்டுக்கான கண்ணாடியைத் தப்பான அளவில் ஆர்டர் செய்துவிட்டு, மறுநாள் இரண்டு தட்டு கேக்கோடு வந்து நின்றாள். திட்டு கிடையாது, விசாரணை கிடையாது. கேக் வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டால்தான் பேச்சு.

தோர்கில் மட்டும் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. துறைமுகத்து மீன் தொழிற்சாலையை மூடியபோது அங்கிருந்து எங்களிடம் கணக்கு பார்க்க வந்தவர். வரும்போதே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இப்போது முழுக்க வெள்ளை. அவர் போட்ட சம்பளம் ஒருநாள் பிந்தியதில்லை. அவர் அனுப்பிய பில்லில் ஓர் எழுத்து பிசகியதில்லை. மற்றவர்களின் கேக்கை ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "அவ்வளவு மோசமில்ல" என்பார். எங்கள் சின்ன ஊரான லெம்விக்கில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. என் கல்யாணத்தன்று என் அப்பா என் கணவரைப் பற்றிச் சொன்னதும் அதைத்தான்.

இப்படிப்பட்ட மனிதரை மதிக்கலாம். பிடித்துப்போவது கொஞ்சம் கஷ்டம். தச்சுப் பகுதியில் இருக்கும் பால்லேவுக்கு வாய் நீளம். "அந்த ஆளோட நிழல்கூட மட்டக்கோல் வச்சுத்தான் விழும்" என்பான். நாங்கள் சிரிப்போம். தோர்கிலும் கேட்டிருப்பார். மேஜைக் கோடியில் உட்கார்ந்து, வெண்ணெய்த்தாளில் மடித்து ரப்பர் பட்டை போட்ட மதியச் சாப்பாட்டைப் பிரித்து, பட்டையைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, பேசாமல் சாப்பிடுவார்.

இந்தக் குளிர்காலத்தில் அலுவலகக் கணினி சாகக் கிடந்தது. மேஜைக்கடியில் நிற்கும் பெரிய கறுப்புப் பெட்டி. முடுக்கினால் அறுவை இயந்திரத்துக்குப் போட்டியாக இரையும். ஒரு வரைபடத்தைத் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். மாரென் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வைத்தே சொன்னாள். மறைத்துப் பேசுவது அவள் வழக்கமில்லை.

"தோர்கில், பக்கத்து ஊர் ஹோல்ஸ்டப்ரோல ஒரு கணக்கு கம்பெனி இருக்கு. சம்பளம், பில்லு, வரி எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்களாம். நமக்குக் கம்ப்யூட்டர் வாங்கற செலவும் மிச்சம்."

எதெல்லாம் மிச்சம் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த வயதில் லெம்விக்கில் இன்னொரு வேலை கிடைப்பதும் குதிரைக்குக் கொம்பு முளைப்பதும் ஒன்றுதான். தோர்கில் தட்டைப் பார்த்தபடியே, பழையதைச் சரிசெய்து விற்கிறார்களே, அப்படி ஒன்று வாங்கினால் என்ன என்று மட்டும் கேட்டார். வாங்கிப் பார், வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஓட்டிக் காட்டு, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள் மாரென்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. தோர்கில் காசு கொடுத்து வாங்குகிறவர். பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், வாலைத் தூக்கியும் பார்த்தார். வெளியே கீறல் இருக்கலாம், உள்ளே தூசி இருக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பழசையெல்லாம் அழித்துவிட்டார்களா, உத்தரவாதம் உண்டா என்று விற்பவருக்குப் போன் போட்டுக் கேட்டார். எங்கள் பழைய திரைகளின் கம்பி புதுப்பெட்டியின் பின்பக்கத் துளைகளில் நுழையாது என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து, இடையில் மாட்டும் இணைப்புகளையும் சேர்த்தே வரவழைத்தார். ஓர் இன்சூரன்ஸ் அலுவலகம் கழித்துவிட்ட, ஒரு கையில் அடங்கும் சின்னப் பெட்டி அது. புதுசே வாங்கியிருக்கலாமே என்று பால்லே சீண்டியபோது தோர்கில் சொன்னார்:

"புதுசுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும். இது ஏற்கெனவே ஆபீஸ்ல வேலை பாத்தது."

அது வேடிக்கைப் பேச்சா, நிஜமா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வியாழன் மாலை பொருள் வந்தது. வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்து, மனைவி உல்லாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். திருப்தி. ஆனால் மறுநாள் காலை அவர் தெருவில் காகிதக் குப்பை எடுக்கும் நாள். தோர்கில் குப்பை நாளைத் தவறவிடுகிறவரா? அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி ஒரு தொட்டியில், உள்ளே இருந்த பிளாஸ்டிக்கை இன்னொரு தொட்டியில் போட்டுவிட்டார். பிறகுதான் கணினியை எதில் வைத்துக் கொண்டுபோவது என்று யோசித்தார். சைக்கிளில் போக வேண்டும். வெளியே காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும் மழை. சமையலறை மேஜையில் வெண்ணெய்த்தாள் இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பட்டை போட்டுப் பையில் வைத்தார். பக்கத்திலேயே மதியச் சாப்பாடு. அதே தாள், அதே பட்டை.

வெள்ளிக்கிழமை காலை வந்தார். எப்போதும்போல் முதல் வேலையாகப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார். அன்று சம்பளம் அனுப்பும் நாள். அதைப் பழைய கணினியிலேயே முடித்துவிட்டு, புதியதைச் சாப்பாட்டுக்குப் பின் மாரென் முன்னால் மாட்டுவது என்று திட்டம். இன்னொரு பொட்டலம் ஹீட்டர் ஓரமாக நாற்காலியில் பையோடு இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் எல்லோரும் மேஜைக்கு வந்தோம். மாரென் எதிரில். தோர்கில் குளிர்பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துவந்து உட்கார்ந்தார். கனம் தெரியவில்லையா என்று பிறகு கேட்டோம். உல்லா சுடும் ரை தானிய ரொட்டியைத் தூக்கிப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்றார். பட்டையைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டினார். தாளை விரித்தார். நடுவில் கறுப்பாக, சில்லென்று, ஓரத்தில் இன்சூரன்ஸ்காரர்களின் ஒட்டுத்தாள் பாதி கிழிந்த அடையாளத்தோடு, கணினி.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் மெல்ல ஈரம் பூத்தது. பால்லே பீட்ரூட் ஊறுகாய் பாட்டிலை எடுத்து, வாயைத் திறக்காமல், தோர்கில் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அப்புறம் சிரிப்பை அடக்க எங்களால் முடியவில்லை. கண்ணாடி வெட்டுகிற நான் கண்ணீர் துடைக்க எழுந்து போனேன். தோர்கில் சிரிக்கவில்லை. காது வரைக்கும் சிவந்து, தாளின் நான்கு மூலைகளையும் நீவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வேடிக்கை பார்ப்பது ஒரு மனிதரின் பிழைப்பை. மாரென் அவரையும் பார்த்தாள், கணினியையும் பார்த்தாள்.

"போட்டுக் காட்டு" என்றாள்.

"முடியாது. ஈரம் காயணும்."

"எவ்வளவு நேரம்?"

"அது சூடாகிற வரைக்கும்."

முடிவு சொல்லப்போகிற முதலாளியைக் காக்கவைப்பதற்கு வேறொருவனாக இருந்தால் பயந்திருப்பான், ஈரத்தோடு முடுக்கியிருப்பான். தோர்கில் அதை ஜன்னல் விளிம்பில் வைத்து, துணியால் மூடினார். பிறகு ஹீட்டரில் வெந்துகிடந்த நிஜச் சாப்பாட்டை எடுத்துவந்து தின்றார். ரொட்டியில் தடவிய ஈரல் மசியல் உருகி வழிந்தது. பாதி மத்தியானம் கழித்துத்தான் கணினியை மாட்டினார். இரண்டு திரையும் ஒரே மூச்சில் விழித்தன. சத்தமே இல்லை. மாரென் ஒரு வரைபடத்தைத் திறந்தாள், ஒரு பில்லைத் திறந்தாள், குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சனி ஞாயிறு தோர்கிலுக்கு எப்படிப் போனதோ தெரியாது. எனக்கு நன்றாகப் போகவில்லை.

திங்கட்கிழமை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தார். பின்னால் கட்டியிருந்த தட்டு ஆடக்கூடாதே என்று. கனவு கேக் என்பார்கள், மேலே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கிப் போட்டது. அவரே சுட்டாராம். ஒரு பக்கம் தீய்ந்து, நடுவில் குழி விழுந்து கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறை என்று பார்த்தாலே தெரிந்தது. காபி நேரத்தில் மேஜை நடுவே வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார்.

பால்லே முதல் துண்டைத் தின்றான். "தோர்கில், இத ஃப்ரிட்ஜுலயா சுட்ட?" என்று கேட்டான். தோர்கில் சிரித்தார். அவருக்குப் பல் இவ்வளவு இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாரென் தீய்ந்த ஓரத்தையே எடுத்துக்கொண்டாள். நிதானமாக மென்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹோல்ஸ்டப்ரோக்காரங்களுக்குக் காலைலயே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஏன் என்று பால்லே கேட்டான்.

"அவங்க சொதப்பினா கேக் வராது" என்றாள் மாரென். "பில்லுதான் வரும்."

நான் எழுந்து எல்லோருக்கும் இன்னொரு தரம் காபி ஊற்றினேன். தோர்கில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எப்போதும் உட்காரும் கோடியில் இல்லை, பால்லேவுக்குப் பக்கத்தில். தான் சுட்டதில் ஒரு துண்டை வெட்டித் தின்று பார்த்தார்.

"மோசம்" என்றார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.