செம்பாக்கத்துக் கனகவல்லி

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது புறவழி டிவி. கேபிள் காலத்தில் தொடங்கியது. அப்போது ஸ்டுடியோ என்றால் ஓர் அறை, சத்தம் தடுக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, பின்னால் ஒரு நீலத் துணி, அவ்வளவுதான். மின்சார ரயில் போனால் செய்தி வாசிப்பவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அப்புறம் வானொலி சேர்ந்தது, இப்போது யூடியூபிலும் ஓடுகிறது. முட்டை அட்டை போய் ஸ்பாஞ்சு வந்துவிட்டது. எது மாறினாலும் ரிசப்ஷனில் ஜான்சி மட்டும் மாறவில்லை.

ஆபீஸ் போனை எடுத்து "வணக்கம், புறவழி" என்று சொல்வது அவள் வேலை. அது ஊருக்குச் சொல்லும் வேலை. உள்ளே இன்னொன்றும் உண்டு. நேயர்கள் பேசும் நேரலையில் போனே வராவிட்டால் தொகுப்பாளினி எத்தனை நேரம்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாள்? தயாரிப்பாளர் பட்டாபிராமன் ரிசப்ஷன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டுவார். ஜான்சி ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தன் செல்லிலிருந்து நேரலை எண்ணைப் போடுவாள். குரலைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வாள். "ஹலோ, செம்பாக்கத்துலேர்ந்து கனகவல்லி பேசறேங்க."

டம்மி கால். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்பார் பட்டாபிராமன்.

முதலில் கனகவல்லி பாட்டு மட்டும்தான் கேட்டாள். மனக்குறைகளைப் பேசும் நிகழ்ச்சி வந்த பிறகு பாட்டுக் கேட்டால் போதுமா? ஜான்சி அவளுக்கு ஒரு கஷ்டத்தைக் கொடுத்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனான். மிருதுளா என்று ஒரு பெண் பிறந்தாள். கனகவல்லி தையல் மெஷின் வாங்கி வாசலில் போர்டு மாட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, ஜான்சிக்கு இதில் ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பேச ஆளில்லை. சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கும்போதே மிருதுளாவை என்ன படிக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஆண்டு விழா வந்தது. "ரொம்ப நாளா பேசற அந்தச் செம்பாக்கத்தம்மாவைக் கூப்பிடுங்க, பொன்னாடை போத்திடுவோம்" என்றார் முதலாளி. பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. ஜான்சி பட்டாபிராமனிடம் ஓடினாள்.

"இப்ப இன்னா சார் பண்றது?"

"என்ன பண்றது? தவறிட்டாங்கன்னு சொல்லிடுவோம். அப்புறம் யார் மேடைக்குக் கூப்பிடப் போறா? நீ வேற பேர்ல பேசிக்கோ." என்றார் பட்டாபிராமன், டீயை ஊதிக்கொண்டே.

அடப்பாவி மனுஷா! ஆனால் ஜான்சியும் தலையாட்டினாளே, அதை எங்கே போய்ச் சொல்ல? தொகுப்பாளினி வேலைக்குப் புதுசு, அவளுக்கும் ஒன்றும் தெரியாது. கண்கலங்க அறிவித்தாள். ஜான்சி அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

சில நாள் கழித்து, நேரலை ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், புர்கா போட்ட ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மேடம், என் பேரு சாஜிதா. பள்ளிக்கரணைலேர்ந்து வர்றேன். கனகவல்லி அக்கா வூட்டு அட்ரஸ் வேணும்."

"அதெல்லாம் குடுக்கக் கூடாதும்மா. ஆபீஸ் ரூல்ஸ்," என்றாள் ஜான்சி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"என் வூட்டுக்காரரும் அப்டிதான் மேடம், உட்டுட்டுப் பூட்டாரு. ரூமை உட்டே வராம கெடந்தேன். அக்கா பேசினத கேட்டுதான் மெஷின் வாங்கினேன். இப்ப சொந்தமா கடை கீது. சேதி கேட்டதுலேர்ந்து கடையே தொறக்கல." பையிலிருந்து ஒரு சுடிதாரை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மாம்பழ நிறம், கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி வேலை. "மிருதுளாவுக்குத் தெச்சேன். அம்மா இல்லாத புள்ள. என்கூடவே வெச்சிக்கலாம்னு..."

அதற்கு மேல் முடியாமல் மேஜையில் தலை கவிழ்த்து அழுதாள்.

ஜான்சியை அவமானம் பிடுங்கித் தின்றது. எழுந்து உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. கை தானாக அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டது, வாய் தானாகத் திறந்தது. போனை வைக்கும்முன் கனகவல்லி எப்போதும் இழுத்துச் சொல்லும் வார்த்தைதான் வந்தது.

"மனச மட்டும் விட்றாதம்மா... என்னா?"

சாஜிதா வெடுக்கென்று நிமிர்ந்தாள். முதலில் அந்த முகத்தில் வந்தது சந்தோஷம். அதைத்தான் ஜான்சியால் தாங்க முடியவில்லை.

"அக்கா! உயிரோட கீறியா?"

ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள். சாஜிதா அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள், அதிலிருந்த பெயரைப் பார்த்தாள். சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"மிருதுளா?"

"இல்லம்மா."

"இல்லன்னா?"

"அப்டி ஒரு பொண்ணே இல்ல."

சாஜிதா சுடிதாரை மடிக்க ஆரம்பித்தாள். காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது ஜான்சிக்கு.

அப்போது கண்ணாடி தட்டும் சத்தம் கேட்டது. நேரலைக்குப் போன் வரவில்லை போலும். பட்டாபிராமன் உள்ளிருந்து ஜான்சியைப் பார்த்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துக் காட்டினார்.

சாஜிதா அவரையும் பார்த்தாள், ஜான்சியையும் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போங்க மேடம்," என்றாள். "உங்களக் கூப்டறாங்க."