கடைசி நாலு பக்கம்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பார். கை அங்கே இருக்கும், மனசு எங்கேயோ பூட்டிய அறைக்குள் ஒரு பிணத்தோடு உட்கார்ந்திருக்கும். ஊரார் பார்வையைச் சரிபண்ணுகிற மனுஷனுக்கு வீட்டில் உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று தெரியாது. எல்லாம் அந்தத் துப்பறியும் நாவல்கள் பண்ணுகிற வேலை.

அந்தக் காலத்து நாவல்களை இப்போது மறுபதிப்பு போடுகிறார்கள் இல்லையா, ஒன்று விடமாட்டார். பார்சல் வந்தால் கத்தரிக்கோல் எடுக்கவே கூடாது. டேப்பை நகத்தால் நெம்பி நெம்பி உரிப்பார். பார்க்கிற எனக்குத்தான் பொறுமை போகும். அட்டையில் தொப்பிக்காரன், துப்பாக்கி, வீலென்று அலறுகிற ஒரு பெண். அதே பழைய படம், புது மை. முகர்ந்து பார்த்துவிட்டு, லென்ஸ் துடைக்கிற துணியால் ஒரு தடவை துடைத்து அலமாரியில் வைப்பார். என் முகத்தை ஒருநாளாவது அப்படிப் பார்த்திருப்பாரா!

ஞாயிறு மதியம் திரையைப் பாதி இழுத்துவிட்டுப் படிக்க உட்காருவார். தெருவில் சத்தமே இருக்காது. திரை மெல்ல அசையும், வெளிச்சம் அலமாரி மேல் ஊர்ந்து ஊர்ந்து போகும். திட்டலாம் என்று வந்தவள், பக்கம் புரள்கிற சத்தத்திலேயே கண் சொக்கிப் பக்கத்தில் சாய்ந்துவிடுவேன். கனவில் மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள் வந்து என் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பான். நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று மணிக்கு எழுந்து அவருடைய அக்காவுக்குப் போன் பண்ணுவார். அதற்கும் ஒரு கதை உண்டு.

இவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அக்கா வாடகை நூலகத்திலிருந்து ஒரு நாவல் கொண்டுவந்தாராம். ஒரு கடிகார வியாபாரி, பூட்டிய கடைக்குள் செத்துக் கிடக்கிறார். சந்தேகப்பட ஐந்து பேர். டாக்டர், கம்பவுண்டர், மருமகன், சமையல்காரி, டிரைவர். அக்காவும் தம்பியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள். துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, "கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறார். திருப்பினால் கடைசி நாலு பக்கத்தைக் காணோம்! அடுத்த வாரம் அக்காவுக்குக் கல்யாணம், வேறு ஊர். நூலகத்தையும் மூடிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வாராவாரம் இவர் ஒரு பெயரைச் சொல்லுவார். முதலில் கடிதத்தில், அப்புறம் போனில். "அவன் இல்லடா, யோசி" என்பார் அக்கா. ஐந்து பேரையும் சொல்லியாயிற்று, ஐந்தும் இல்லை. ஒரே ஒரு வரியில் வந்துபோகிற தபால்காரர்வரை போய்விட்டார். ஒரு வாரம் பூனையைக்கூடச் சொன்னார். நாற்பது வருஷம்! அந்த ஒரு புத்தகம் என்றைக்காவது வரும் என்றுதான் மற்ற எல்லாவற்றையும் வாங்கினார்.

போன மாதம் அது வந்தேவிட்டது. பழைய பிரதியை அப்படியே படம் பிடித்து அச்சடித்திருந்தார்கள். நேராகக் கடைசிக்குப் போனார். துப்பறிகிறவர் கூடத்தில் நிற்கிறார். அதோடு சரி. கீழே பதிப்பகத்தார் ஒரு குறிப்பு போட்டிருந்தார்கள்: 'எங்களுக்குக் கிடைத்த ஒரே பிரதி இதுதான். கடைசி நான்கு பக்கங்கள் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும்.' ஓரத்தில் யாரோ பென்சிலால் வரைந்த ஒரு குட்டிக் கடிகாரமும் அச்சாகியிருந்தது.

"இது நான் வரைஞ்சது" என்றார். அன்றைக்கு அக்கா கொண்டுவந்த அதே நூலகப் பிரதி. இனி முடிவு தெரியவே போவதில்லை. மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "உங்க அக்கா ஒரு தடவையாவது 'இருக்கலாம்'னு சொல்லியிருக்காங்களா?"

"இல்ல. எப்பவும் 'இல்ல'தான்."

"முடிவு தெரியாதவங்க எப்படிங்க அவ்வளவு அடிச்சுச் சொல்லுவாங்க?"

நாற்பது வருஷமாகத் துப்பறியும் நாவல் படிக்கிறவர், வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

மறுநாளே பஸ் ஏறினோம். புத்தகத்தைப் பார்த்ததும் என் நாத்தனார் தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து, மடித்த ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"கிழிச்சது நான்தான்டா. எனக்குக் கல்யாணம் நிச்சயமானதுலேர்ந்து நீ என்கிட்ட பேசல. இந்தக் கதையைப் பத்தி மட்டும்தான் பேசின. முடிவு தெரிஞ்சா அதுவும் நின்னு போயிடும்னு பயம். முதல் கடிதத்துலயே நீ சரியாத்தான் எழுதியிருந்த. கம்பவுண்டர்தான். மனசறிஞ்சு 'இல்ல'ன்னேன்."

இவர் நாலு பக்கத்தையும் அங்கேயே நின்று படித்தார். கம்பவுண்டர்தான். திரும்பி வருகிற வழியெல்லாம் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

ஞாயிறு வந்தது. திரை அசைந்தது. மூன்று மணி ஆயிற்று, எழுந்திருக்கவில்லை. மூன்றே கால். அங்கே நாத்தனார் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாரே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கவர் மடியிலேயே கிடந்தது. அந்தப் பக்கங்களை எடுத்து, கடையில் லென்ஸில் கீறல் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மூன்றரைக்கு எழுந்து போன் பண்ணினார்.

"அக்கா, நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். எழுதினவர் தப்புப் பண்ணிட்டாரு. கம்பவுண்டர் இல்ல."

அழுகையும் சிரிப்புமாக அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"அவன் இல்லையா? பின்ன யாருடா?"