தங்கராசு அண்ணன் கொடுக்க மறுத்த துப்பாக்கி

வெள்ளிக்கிழமை காலை ஷார்ஜா ரோலா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். தங்கராசு அண்ணனின் அறைத்தோழன் முருகேசன் போன் செய்தான். "அண்ணன எழுப்புனேன், எந்திரிக்கல. ஒடம்பு சில்லுன்னு இருக்கு. நீங்க வாங்களேன்" என்றான். எடுத்த முருங்கைக்காயைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினேன். மாரடைப்பாம். உடல் கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவரோடு ஷார்ஜாவில் வேலை பார்த்து, இப்போது தம்மாமிலும் கத்தாரிலும் இருக்கும் நண்பர்கள் "எப்படி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எங்களுடையது வேட்டைத் துப்பாக்கிக் கடை என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவரின் கை நீளம், கழுத்து, தோள் எல்லாம் அளந்து, தோளில் பதியும் மரக்கட்டையை வால்நட் மரத்தில் செதுக்குவது பின்னாலிருந்த பட்டறையில் அண்ணனின் வேலை. முன்னால் கவுண்டரில் உட்கார்ந்து, "எப்போது கிடைக்கும்?" என்று கேட்கிறவர்களிடம் ஏச்சு வாங்குவது என் வேலை. அவருடைய தாமதத்துக்கு நான் சொன்ன பொய்களை எழுதினால் தனிப் புத்தகமே ஆகும்.

துப்பாக்கியின் இரும்புப் பாகத்தில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் வைத்து அழுத்துவார். கரி ஒட்டிய இடத்தில் மட்டும் மெல்லிதாக ஒரு சுரண்டல். மறுபடி கரி, மறுபடி அழுத்தல். சாயங்காலம் போய்ப் பார்த்தால் காலையில் இருந்த மாதிரியேதான் இருக்கும். அதற்கப்புறம் எண்ணெய்ப் பூச்சு. ஒன்று காயாமல் அடுத்தது கிடையாது. அதுவும் முடிந்ததென்றால் கொடுத்துத் தொலைக்கலாமே? மாட்டார். ஏசி இல்லாத தகரக் குடோனில் கட்டையைக் கொண்டுபோய்த் தொங்கவிடுவார். சில வாரம் கழித்து ஏசிக்குள் வரும். பிறகு மறுபடி குடோன். "மரத்துக்கு ரெண்டு ஊரு பழகணும் தம்பி. கடைக்குள்ள ஒரு ஊரு, வெளிய வெக்கையில ஒரு ஊரு. பழகாமக் குடுத்தா மொத வெடிக்கே பிடியில கீறிரும்" என்பார்.

அவர் சும்மா பயந்தவரில்லை. முன்பு தம்மாமில் இருந்தபோது, போட்டோ எடுக்க மட்டும்தான் என்று கெஞ்சிய ஒருவருக்கு, வேலை முடியாத துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் பாலைவனத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார். பிடி பிளந்து அவருடைய பெருவிரல் போயிற்று. "ஒடஞ்ச கட்டைய எங்கிட்டதான் கொண்டாந்து குடுத்தாங்க. ரத்தம் மரத்துல ஊறிப் போச்சு. தேய்க்கத் தேய்க்கப் போகல" என்றார் ஒரு நாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே. அன்று அவர் சாப்பிடவில்லை.

போன குளிர்காலத்தில் ராஷித் என்ற உள்ளூர்க்காரர் தன் தகப்பனாரின் பழைய துப்பாக்கியைக் கொண்டு வந்தார். கட்டை உளுத்துப் போயிருந்தது. பெரியவர் அளவுக்கே புதிதாகச் செய்யச் சொன்னார். பாதி வேலையில் பெரியவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கைவிட்டு, பண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராஷித் கடைக்கு ஓடி வந்தார். "பாய், சுடுவதற்கு இல்லை. கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார். ஜல்தி கொடுங்கள்" என்று இந்தியில் கெஞ்சினார். எனக்கே கண் கலங்கியது. உள்ளே போய் அண்ணனிடம் சண்டை போட்டேன்.

"படுத்த படுக்கையா இருக்கவர் சுடவா போறாரு? கையில பிடிக்கத்தானண்ணே கேக்குறாங்க?"

"கைக்குப் போனா தோளுக்குப் போகும் தம்பி. மரம் இன்னும் அடங்கல. மாஃபி, இல்லன்னு சொல்லிரு."

பெரியவர் அந்த வாரமே இறந்துபோனார். ராஷித் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வரவே இல்லை. போன் செய்தால் "பார்க்கலாம்" என்று வைத்துவிடுவார். அண்ணன் அந்தத் துப்பாக்கியை முடித்தார். அவர் செய்ததிலேயே அழகானது அதுதான். தினமும் காலையில் லாக்கரிலிருந்து எடுத்துத் துடைத்து, திரும்ப உள்ளே வைப்பார். பிறகு கவுண்டருக்கு வந்து, "அவரு வந்தாரா?" என்று கேட்பார். இல்லை என்றால் திரும்பிப் பட்டறைக்குப் போய்விடுவார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஒரு முறை மட்டும், "நாளைக்குச் சாகப்போறவருக்கு இல்லன்னுட்டேனே. நான் செஞ்சது சரியான்னு சொல்ல ஒரு ஆளு இல்லையே" என்றார்.

அண்ணன் இறந்த செய்தியை ராஷித்துக்கும் சொன்னேன். மறுநாளே வந்தார். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன். தோளில் வைத்தார். அவருக்கு அது குட்டை. "அப்பா அளவு" என்று மரத்தில் கன்னத்தை வைத்தபடியே நின்றார். அப்புறம் சொன்னார்: "அன்றைக்கு உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை பாய். அப்பா தோட்டாவும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். கட்டிலை முற்றத்தில் போடச் சொல்லி, கடைசியாக ஒரு முறை சுட வேண்டும் என்றார். நானும் வாங்கி வைத்திருந்தேன்."

ராஷித் போனதும் பட்டறைக்குள் போனேன். விளக்குக் கரி டப்பா திறந்தே கிடந்தது. காலி நாற்காலியைப் பார்த்து, "அண்ணே, நீங்க செஞ்சது சரிதாண்ணே" என்று சத்தமாகச் சொன்னேன். ஊர்ப்பக்கம் அவருடைய சுரண்டு உளியை நினைவாகக் கேட்டார்கள், அனுப்பிவிட்டேன். அவருடையதாக என்னிடம் மிச்சம் இருப்பது இந்த ஒரு பதில்தான். அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.