ஹாலுக்குள் ஓடிய கோப்பெங் சாலை

மழைக்குப் பயந்தவன் இல்லை நான். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு, வைப்பர் அறுந்துபோன லோரியை, தலையை வெளியே நீட்டிக்கொண்டே தாப்பா வரை இறக்கியவன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு நஷ்டமில்லை. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, லோரி கழுவப் போனேன். கழுவியவன் ஓட்டினான், ஓட்டியவன் வாங்கினான். ஈப்போவில் என் லோரி நுழையாத தெரு கிடையாது. படித்தவர்கள் என் மேசைக்கு எதிரே கைகட்டி நின்று வேலை கேட்டிருக்கிறார்கள். இப்பேர்ப்பட்டவனைப் போன வருடக் கடைசியில் வந்த மழை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது.

எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறது. என் அண்ணனுக்கும் இருந்தது. அவருடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது. அந்தத் தட்டையான பக்கத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணினேன். சாகும்போது இரண்டு காலோடுதான் போவேன். டாக்டர் தினமும் வேர்க்க வேண்டும் என்றார். சைக்கிள் வாங்கினேன். காலையில் புந்தோங்கிலிருந்து கோப்பெங், திரும்ப புந்தோங். கூட வருபவர் ஒரு பாய். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் சின்னவர், மேட்டில் என்னைவிடப் பின்னால் வருபவர். சுண்ணாம்பு மலைகளை ஒட்டிய சாலையில் நான் முன்னால் போய் நின்று, அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம்.

வழக்கமாக ஈப்போவில் மழை சாயங்காலம் வரும். அந்த முறை விடியும்போதே வந்து, மத்தியானம் வரை போகவில்லை. நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தால், மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கோப்பெங்."

"மழையில லோரிக்காரனுக்குக் கண்ணு தெரியாது. ஒங்களுக்குத் தெரியாததா? நீங்க ஓட்டுன காலத்துல எத்தன சைக்கிள்காரன ஓரங்கட்டி விட்ருப்பீங்க?"

மழைக்கோட்டைக் கழற்றினேன். கேட்டைச் சாத்தினேன்.

ஒரு வாரம் சும்மா இருந்தேன். விரலில் குத்திப் பார்க்கும் மிஷினில் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு காலையும் அந்தப் போர்வையின் தட்டைப் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. பொறுக்க முடியாமல் சைக்கிள் கடைக்குப் போனேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, ஓர் இரும்புச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். பின்சக்கரத்தை அதில் பூட்டிவிட்டால் மிதிக்கலாம், சைக்கிள் நகராது. "அண்ணே, இது ரொம்ப போசான் லா," என்றார். மலாயில் போசான் என்றால் சலிப்பு. "பாத்துக்கலாம்," என்றேன். எனக்கா சலிப்பு? ஜாமில் நாள் முழுக்கக் குந்திக் கிடந்தவன் நான்.

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. கார் நிற்கிற முன்பக்கம் வைக்கலாம். ஆனால் சாரல் அடிக்கும். அதைவிட, எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் பார்க்கும். நகராத சைக்கிளை மிதிக்கிற கிழவன் என்று பேர் வாங்க நான் தயாராக இல்லை. அதனால் ஹாலுக்குள், சாமி மேடைக்கு எதிரே வைத்தேன். அங்கேதான் இடம் இருந்தது.

முதல் நாள் சைக்கிள் ஓட்டும் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறினேன். விளக்கேற்ற வந்த மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாங்க இது, சாமிக்கு முன்னால சப்பாத்தோட?"

"தொடச்சுட்டுத்தான் போட்ருக்கேன்."

"தொடச்சா? கோயிலுக்குக் கட்டுற வேட்டி ஆயிருமா அது?"

அவள் சொன்னது நியாயம் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது. யார் வீட்டிலும் சப்பாத்தோடு உள்ளே வந்தவனை மனிதனாகவே நான் மதித்ததில்லை. கழற்றி வாசலில் வைத்தேன். "தோட்டத்துக் காலுக்குச் சப்பாத்து எதுக்கு? கல்லு, முள்ளு, அட்டை எல்லாத்தையும் மிதிச்ச காலு இது," என்று சொல்லி வெறுங்காலோடு ஏறினேன். பெடலில் வழுக்காமலிருக்கச் சின்னச் சின்ன இரும்புப் பற்கள் இருந்தன. காலுக்கு உறுத்தவே இல்லை. பார்த்தாயா என் காலை, என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாகவே, தரையில் நடந்தால் பஞ்சுமேல் நடப்பதுபோல் இருந்தது. சிலிப்பர் கழன்று பின்னால் கிடக்கும்; நான் முன்னால் போய்க்கொண்டிருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. வயதான தோல் தடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன்.

தவுக்கே சொன்னது உண்மைதான். அந்தச் சலிப்பை என்னவென்று சொல்வது? வெளிச் சாலையில் நாய் துரத்தும், டுரியான் வண்டி போகும், காற்று முகத்தைத் தடவும். ஹாலில் மின்சாரக் காத்தாடிக் காற்று. எதிரே முருகன் படம், பக்கத்தில் மாரியம்மன் படம், இரண்டு பேரும் கண்ணிமைக்காமல் என்னையே பார்க்கிறார்கள். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், கடிகார முள் அதே இடத்தில். மனைவி டிவியில் நாடகம் போட்டுப் பார்த்தாள். அதில் மாமியார் கதவுக்குப் பின்னால் ஒட்டுக் கேட்டால், அது முடிய ஒரு வாரம். கூரையில் மழைச் சத்தம். வேர்வை ஓடுகிறது, வழி மட்டும் ஓடவில்லை. பாதியில் இறங்கிவிடுவேன். இறங்கினால் அண்ணனின் போர்வை. மறுபடி ஏறுவேன். கூண்டுக்குள் சக்கரம் சுற்றுகிற எலிக்குக்கூட ஏதோ நோக்கம் இருக்கும் என்று தோன்றியது.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வேறு யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். லோரி ஓட்டிய சாலைகள் எல்லாம் என் மண்டைக்குள் இருக்கின்றன. புந்தோங்கில் கிளம்புவேன். சிக்னல், பாலம், கோப்பெங்குக்குத் திரும்பும் வளைவு, ஈயம் தோண்டிய பழைய குட்டைகள். அப்படியே கம்பார். தாப்பாவில் வலது பக்கம் பெட்ரோல் நிலையம். பீடோரில் கொய்யாப்பழக் கடைகள். ஒரு பள்ளத்தைக்கூட நான் விட்டுவிடவில்லை. மேடு வந்தால் சீட்டிலிருந்து எழுந்து, முன்பாதத்தை அழுத்தி நின்று மிதிப்பேன். கேமரன் மலைக்கே ஏறியிருக்கிறேன், ஹாலுக்குள். கண்ணைத் திறந்தால் வேளை போயிருக்கும். சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. சலிப்பை ஜெயித்துவிட்டேன் என்று பாயிடம் போனில் அளந்தேன்.

"இன்னைக்கி எங்கண்ணே இருக்கீங்க?" என்பார்.

"தாப்பா ஏத்தத்துல இருக்கேன் பாய்."

"ஏத்தமா? மூச்சு வாங்குதே. அங்க மழையா?"

"நம்ம ரூட்ல மழையே கெடையாது."

"இம்புட்டுத் தூரம் ஓட்டி எங்கதாண்ணே போய்ச் சேந்தீங்க? அக்கா அடுப்படிக்கா?"

"ஒங்களால அடுப்படி வரைக்கும்கூட முடியாதே பாய்."

அந்த நாட்களில் மனைவிக்கு ஒரு குறை. சாமி மேடைக்குக் கீழே, டைல்ஸ் தரையில், சிவப்பாக அங்கங்கே தீற்றல். "காத்தாடியத் திருப்பி வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? குங்குமத்த எல்லாம் பறக்க விட்டுட்டீங்க," என்று திட்டுவாள். சாமிக்கு முன்னால் சிவப்பாகக் கிடந்தால் வேறென்ன நினைப்பது? அவளும் ஈரத் துணியால் தினமும் துடைத்தாள். நானும் காத்தாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, வேர்வையில் குளித்தேன். தீற்றல் நிற்கவில்லை. குங்குமக் கிண்ணத்துக்கு மூடி போட்டாள். அப்போதும் நிற்கவில்லை. தெய்வமே இறங்கி வந்து உதறுகிறதோ என்று அவள் பக்கத்துவீட்டு அக்காவிடம் சொன்னதாகக் கேள்வி.

ஒரு மத்தியானம் பாய் வந்தார். கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு, கடையிலிருந்து மீன் கறி கொண்டுவந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒரு மலையேற்றத்தின் நடுவில் இருந்தேன். அவருக்குக் காட்டுவதற்காகவே எழுந்து நின்று மிதித்தேன்.

"அண்ணே, நிறுத்துங்க."

"ஏன், பாக்கவே மூச்சு வாங்குதா?"

"வெளையாடாதீங்க. கால்ல என்னா அது?"

"குங்குமம் பாய். காத்தாடியில பறந்தது."

"குங்குமம் சொட்டுமா அண்ணே?"

மிதிப்பதை நிறுத்தினேன். மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். பாய் மண்டியிட்டு என் வலது பாதத்தைத் தூக்கிப் பிடித்தார். கட்டைவிரலுக்குக் கீழே, பெடலின் பல் உட்காரும் இடத்தில், ஒரு குழி. ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறி, நடுவில் கறுத்திருந்தது. வாசம்கூட வந்தது. மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள். அவள் கையில் அந்த ஈரத் துணி இருந்தது.

"வலிக்கலயா அண்ணே?"

"இல்ல பாய்," என்றேன். வலித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் குழிக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். எலும்பில் தட்டியது. சத்தம் எனக்குக் கேட்டது. வலி மட்டும் வரவில்லை. கட்டைவிரலை எடுத்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். "பார்க்கலாம்" என்ற சொல் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. லோரி ரிப்பேருக்கு வந்தவன் அப்படிச் சொன்னால் பட்டறை மாற்றியிருப்பேன். அண்ணனுக்கும் முதலில் விரல்தான் போனது. அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் வரை. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். கையெழுத்தைத் தப்பான கட்டத்தில் போட்டேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று நர்ஸிடம் சொன்னேன்.

விரலை எடுத்தார்கள். இனி வீட்டுக்குள்ளும் சப்பாத்து இல்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது என்றார் டாக்டர். குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றலாம். மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. தன் பழைய பட்டுச் சேலை ஒன்றை வெட்டி, கோயிலில் போடுவது மாதிரி ஒரு திரை தைத்து, சாமி மேடைக்கு முன்னால் கட்டினாள். நான் ஹாலைக் கடக்கும்போது ஓடி வந்து திரையை இழுத்து மூடுவாள். நான் அறைக்குள் போனதும் திறப்பாள். ஒரு நாள் நடுவழியில் நின்று, "நான் என்னா தீட்டா?" என்று கத்தினேன். அவள் திரையைப் பிடித்தபடியே, "ஒங்களுக்காகவா மூடுறேன்? அன்னிக்கி கழட்டச் சொன்னது நாந்தானே. நீங்க இப்பிடி நடக்கறப்ப எனக்கு சாமி மொகத்துல முழிக்க முடியல," என்றாள். நான் அறைக்குள் போய்விட்டேன். கழற்றியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

மழை எப்போதோ நின்றுவிட்டது. பாய் தனியாகக் கோப்பெங் போய்விட்டு, திரும்பும் வழியில் கேட்டருகே ஒரு காலை ஊன்றி நின்று பேசிவிட்டுப் போகிறார். "நீங்க இல்லாம ரோடே நல்லால்லண்ணே," என்கிறார். "இப்பவாவது முன்னால போறீங்களே," என்கிறேன். சிரித்துவிட்டுப் போவார். நான் அவர் பின்சக்கரம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கட்டு மாற்றக் கிளினிக்குக்குப் போகிறேன். அங்கே நம் தமிழ்ப் பெண் ஒருத்தி மிஸ்ஸியாக, நர்ஸாக, இருக்கிறாள். கெட்டிக்காரி, கை சுத்தம். புண் மெதுவாகச் சுருங்குகிறது என்றாள். போன வாரம் கட்டைக் கட்டி முடித்துவிட்டு, "அங்கிள், அந்தக் காலையும் காட்டுங்க," என்றாள்.

"அதுக்கு ஒண்ணும் இல்ல. நல்ல காலு அது."

"தெரியும். சும்மா பாக்கறதுதான். கண்ண மூடிக்குங்க. இந்த நைலான் நூலால பாதத்துல தொடுவேன். தொட்டா தெரியுதுன்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். லோரி லைசென்ஸுக்குக் கண் பரிசோதனையில் எழுத்துத் தெரியாமலே தேறியவன் நான். எனக்கு முன்னால் நின்றவன் சொன்னதைக் கேட்டு ஒப்பித்தேன். இது என்ன பெரிய வித்தை? ஆள் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் தொடுவாள் என்று கணக்குப் போட்டால் தீர்ந்தது.

"தெரியுது," என்றேன்.

கொஞ்சம் விட்டு, "தெரியுது." இன்னும் கொஞ்சம் விட்டு, கட்டைவிரல் பக்கம் என்றுகூடச் சேர்த்துச் சொன்னேன்.

அவள் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அங்கிள்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "நான் இன்னும் தொடவே இல்ல."

கண்ணைத் திறந்தேன். நூலைக் கையில் வைத்துக்கொண்டு, என் காலுக்கு எட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்திருக்குமோ என்று கதவுப் பக்கம் பார்த்தேன்.

"பரவால்ல, மறுபடி பாப்போம். மூடிக்குங்க."

மூடிக்கொண்டேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. தொட்டால் சொல்வோம் என்று காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். அவள் தொட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.