பதினெட்டு டிகிரிக் கல்யாணம்

அந்த மென்பொருளை எழுதியவர்கள் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் என்பது, அதில் ஒரு கூரைப் பெட்டியைச் சேர்த்ததுமே தெரிந்துவிடும். கூரைப் பெட்டி என்று நான் சொல்வது, பெரிய கட்டிடங்களின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கீழே குளிர்ந்த காற்றைத் தள்ளும் இயந்திரத்தை. திரையில் அதை இழுத்துப் போட்டால் விசிறி வரும், குளிரூட்டும் சுருள் வரும், கேட்காமலேயே ஒரு ஹீட்டரும் வரும். பினாங்கில் ஹீட்டர்!

கட்டிடங்களைக் கணினிக்குள் கட்டுவது என் வேலை. சுவர், ஜன்னல், விளக்கு, ஆட்கள் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, ஓர் ஆண்டின் வெயிலையும் மழையையும் அதன்மேல் ஓடவிட்டால், எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பைராம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். அவர் மகள் ஒரு முழு வருஷத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டி முடிக்கிறாள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

எனக்கென்று முதன்முதலாகக் கிடைத்த கட்டிடம் ஜார்ஜ் டவுனில் ஒரு கல்யாண மண்டபம். உரிமையாளர் செட்டிநாட்டு ஆச்சி ஒருவர். எவ்வளவு குளிர வைத்தாலும் வேர்க்கிறது என்று விருந்தினர்கள் குறை சொல்கிறார்களாம். பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு இன்னும் பெரியதாகப் போடலாமா என்று எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருந்தார். நான் அக்கா என்று கூப்பிடும் என் மேலதிகாரி, நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினார்.

“உன் கம்ப்யூட்டர் மாடல், மண்டபத்து கரண்டு பில்லோட ஒத்துப் போச்சுன்னா, வெள்ளிக்கிழமை ஆச்சிகிட்ட நீயே பேசு. இல்லன்னா நான் பேசுறேன், நீ ஸ்லைடு தள்ளு.”

ஸ்லைடு தள்ளவா நான் இவ்வளவு தூரம் படித்தேன்?

முதல் ஓட்டம் ஓடவே இல்லை. சூடாக்கும் வெப்பநிலை, குளிர்விக்கும் வெப்பநிலையைவிட அதிகமாக இருக்கிறது, திருத்து என்று சிவப்பு எழுத்தில் கத்தியது. மண்டபத்தில் எப்போதும் பதினெட்டில்தான் ஏர்கோனை வைக்கிறார்கள், நானும் பதினெட்டு என்று போட்டிருந்தேன். நான் கவனிக்காமல் விட்ட ஹீட்டரோ, இருபத்தொன்றுக்குக் கீழே போனால் மனிதர்கள் விறைத்துவிடுவார்கள் என்று நம்பிக் காத்திருந்தது. குளிர்நாட்டில் வீட்டைச் சூடேற்றி நிறுத்தும் அளவுக்கும் கீழே போய் நாம் கல்யாணம் செய்கிறோம்! வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அக்காவிடம் காட்டினேன். அலுவலகக் குளிருக்காகப் போட்டிருந்த ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் சிரித்தார். “நம்ம ஆளுங்கள அதுக்குத் தெரியாது லா. சினிமாவுக்கே ஜாக்கெட்டோட போறவங்க.”

ஹீட்டரைப் பிடுங்கிப் போட்டேன். ஓடியது. ஆனால் அது சொன்ன மின்சாரம், பில்லில் இருந்ததில் பாதியைத்தான் தாண்டியது. கூரையை மாற்றினேன், கண்ணாடியை மாற்றினேன், விளக்குகளைக் கூட்டினேன். அசையவில்லை. அக்கா என்னைக் கடந்து போகும்போதெல்லாம், “ஸ்லைடு பட்டன் எதுன்னு தெரியும்தானே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு ஃபேக்டரியில் வேலை செய்பவரின் மகளுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். அம்மாவும் நானும் போயிருந்தோம். ஐயர் ஹோமத்தில் நெய் ஊற்றினார், புகை கிளம்பியது. மாப்பிள்ளையின் மாமா எழுந்து, “கதவத் திறங்கப்பா!” என்றார். இரண்டு பக்கத்துப் பெரிய கதவுகளும் திறந்துகொண்டன. வெளியே இருந்த வெக்கை, அழைப்பிதழ் வாங்காத சொந்தக்காரர்களைப் போல உரிமையோடு உள்ளே வந்தது. தலைக்கு மேல் கூரைப் பெட்டிகள் முழு மூச்சாக உறுமின. புகை போன பிறகும் ஒருவரும் கதவைத் தொடவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“உக்காரு, தாலி கட்டப் போறாங்க!”

“அம்மா, கதவு தொறந்திருக்கு!”

“அதுக்கு?”

“மூடவே மாட்டாங்களா?”

“கல்யாண வீட்ல யாராச்சும் கதவச் சாத்துவாங்களா? படிச்ச புள்ள கேக்குற கேள்வியா இது?”

கெட்டிமேளம் கொட்டியது. எனக்காகவே கொட்டியது போலிருந்தது. கையிலிருந்த அட்சதை மணமக்களிடம் போகாமல், முன்வரிசையில் இருந்த ஒரு வழுக்கைத் தலையில் விழுந்தது.

மென்பொருளில் ‘விருந்து மண்டபம்’ என்று தயாராக இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அதில் விருந்தினர்கள் சாயங்காலம் வருவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனை முகூர்த்தம் பார்த்திருக்கிறேன்! கணினி முன் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்து, யாரோ முன்பின் தெரியாதவர்களின் விருந்துக்கு ஏர்கோன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும், மாடலில் விருந்தினர்கள் வரும் நேரத்தைக் காலைக்கு மாற்றினேன். ஹோமத்திலிருந்து பந்தி முடியும்வரை கதவுகளைத் திறந்துவிட்டேன். ஓட்டினேன். வந்த கோடு, பில்லின் கோட்டோடு மாதத்துக்கு மாதம் ஒட்டி நடந்தது. நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடி வந்தார்.

“என்ன, பல்லியா?”

“பில்லு, அக்கா! ஒத்துப் போச்சு!”

நம்பாமல் அவரே இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு என் தோளில் ஓர் அடி வைத்தார். “சரி, நீயே பேசு.”

வெள்ளிக்கிழமை ஆச்சி வந்து உட்கார்ந்ததுமே கேட்டார். “பெரிய பெட்டியா போட்டா சரியாயிடுமா, ஆகாதா?”

“வேர்க்கத்தான் செய்யும், ஆச்சி. இப்ப நீங்க மண்டபத்தோட சேத்து ரோட்டையும் குளிர வைக்கிறீங்க.”

அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. ஆச்சி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “நீ யார் வீட்டுப் பொண்ணு?”

“பைராம் தோட்டம், ஆச்சி. அப்பா குலை வெட்டுறவரு.”

“வாய் நல்லாத்தான் இருக்கு. அப்ப ஹோமப் புகைய என்ன செய்யிறது, முழுங்கவா?”

“மணவறைக்கு நேர் மேல, புகைய இழுக்கற விசிறி. வாசல்ல தானா மூடிக்கிற கதவு. அப்புறம் இப்ப இருக்கறதவிடச் சின்னப் பெட்டியே போதும்.”

“சொன்னா ஆச்சா? காட்டு.”

கதவுகளை மூடி ஓட்டினேன். வருஷம் ஓடி முடியும்வரை ஆச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோடு இறங்கியது.

“திற,” என்றார். ஏறியது. “மூடு.” இறங்கியது. ஆச்சி நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா, ஆச்சிக்காக வாங்கி வைத்திருந்த கறிபாப் பலகாரத்தைச் சாப்பிட ஆரம்பித்தார்.

“இப்ப பந்தி பக்கத்துக் கதவ மட்டும் திற,” என்றார் ஆச்சி.