பட்டுத் தாவணியும் சனவரிக் குளிரும்

இன்றைக்கு எனக்கு லீவு. இத்தாலியில் எங்கள் நகரத்தின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குக் கிட்டே இருக்கிற பழைய பூங்காவுக்கு நடக்கப் போனேன். அங்கே நிற்கிற பளிங்குச் சிலைகளுக்கே குளிரும் போலிருந்தது.

நீரூற்றடியில் நம்மவர்கள், ஒரு தமிழ்க் குடும்பம். மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதுதான் பூப்புனித நீராட்டு விழாவுக்கு, வீடியோ எடுக்கிறார்கள். பாரிசிலிருந்து வந்த படக்காரருக்கு இன்றைக்குத்தான் நேரமாம்.

பிள்ளை மெல்லிய பட்டுத் தாவணியில் நின்றாள். தாய் கழுத்துவரை பூட்டிய தடித்த குளிர் ஜாக்கெட்டில்.

"மம்மா, ஓ ஃப்ரெத்தோ," என்றாள் பிள்ளை, இத்தாலியனில்.

"வீடியோ ஓடுது. தமிழிலை கதை," என்றார் தாய்.

"அம்மா, குளிருது."

"ஓம், ஓம். இப்ப சிரி."

என் சால்வையைக் கழற்றிப் பிள்ளையிடம் நீட்டினேன்.

"வேண்டாம் அக்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, படத்துக்குள்ளை வாறியள்," என்றார் தாய்.

பண்பாட்டைக் காப்பாற்றப் பாரிசிலிருந்து ஆள் எடுக்கத் தெரிகிறது. பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துவர அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வீடியோ இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் போனுக்கும் வரும். பிள்ளையின் பல்லெல்லாம் தெரியும். அது நடுக்கம்.

ஹார்ட் போடப் போகிறீர்களா, போர்வை அனுப்பப் போகிறீர்களா?