நிறம் போன ஸ்பிரிட்

1982 மே 8, சனிக்கிழமை. காலையில் சந்தைக்குப் போய்வந்தேன். மாலையில் ஸ்பிரிட் ஊற்றி அடுப்பை மூட்டியபோது, அந்த வாடையில் ஐம்பதுகளில் அம்மா சமைத்த எங்கள் குசினி நினைவுக்கு வந்தது.

அப்பாவோடு துறைமுகத்தில் வேலைசெய்த சூசை மாமா, அடுப்பு மூட்டுகிற ஊதா நிற ஸ்பிரிட்டைக் காய்ச்சி வடித்துக் கொண்டுவந்திருந்தார். அது தண்ணீர்போலத் தெளிந்திருந்தது.

"குடிச்சுப் பாத்தனான், தங்கச்சி. சாராயம் தோத்துப்போகும்," என்றார் அம்மாவிடம்.

"நிறம்தானே அண்ணை போனது. கண்ணைக் கெடுக்கிற நஞ்சு போனதோ?" என்றார் அம்மா.

"இவளுக்கு எல்லாத்துக்கும் பயம்," என்று சிரித்தபடி அப்பா கிளாஸை எடுத்தார். அம்மா அதைப் பறித்து முற்றத்தில் ஊற்றினார். அன்றிரவு அப்பா அம்மாவோடு கதைக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா முதல் வேலையாக என்னையும் கூட்டிக்கொண்டு சூசை மாமா வீட்டுக்குப் போனார். நல்ல வெயிலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த மாமா, நேரே எங்களைப் பார்த்தபடி, "ஆரது?" என்று கேட்டார்.